நானூற்றுப் பன்னிரண்டாம் கல்

தண்டவாளம் போட்ட காலத்தில் அவருக்குக் கடப்பாரை என்று பேர். இப்போது முதுகு வளைந்துவிட்டது, பேர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. வடகோடிக்குப் போகும் ரயிலில், தாமே ஜல்லி கொட்டிய பாதையில், முதல்முறையாக மெத்தை சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். ஜன்னலோரம் மனைவி.

ஏழாவது சுரங்கம் தாண்டினால் நானூற்றுப் பன்னிரண்டாம் கல். கல்லை ஒட்டி ஓர் இரும்புக் கம்பம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் பனி சரிந்து அவளுடைய தம்பியை மூடியது அங்கேதான். தோண்டி எடுக்க மேஸ்திரி விடவில்லை. பாதை திறக்க நாள் குறித்தாயிற்று என்று மேலேயே மண்ணைக் கொட்டச் சொன்னான். கொட்டியவர்களில் கடப்பாரையும் ஒருவர். கம்பத்தை நட்டதும் அவர்தான். அன்று விழுங்கிய கோபம் இன்னும் செரிக்கவில்லை.

அவள் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. இத்தனை காலம் சரக்கு வண்டி மட்டுமே ஓடிய பாதை. மலை பார்க்க வருகிறவர்களுக்காக இந்த வருஷம்தான் ஆள் ஏற்றும் வண்டி விட்டார்கள். மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

"அஞ்சாவது போயிடுச்சு," என்றார். "கல்லு வந்தா அரை நிமிஷந்தான். கண்ணைச் சிமிட்டாதே."

"சிமிட்டாம இருக்க நான் என்ன மீனா?"

வடக்கே போகப் போக வெயில் தலைக்கு மேல் ஏறவே இல்லை. நடுப்பகலிலும் பக்கவாட்டில் வந்து கண்ணைக் குத்தியது. பெட்டியின் முன்னால் ஒரு டி.வி. அதில் இதே மலையை, இதே பனியைப் படமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பாதை ஒரு பொறியாளரின் கனவு," என்றது ஒரு குரல்.

"கனவாம்! அப்போ நாங்கள்லாம் தூங்கிட்டா இருந்தோம்?" என்று கடப்பாரை பல்லைக் கடித்தார்.

ஆறாவதும் போனது. எதிர்சீட்டுத் தொப்பிக்காரர், "அந்த ஜன்னல் திரையை இழுத்து விடும்மா, டி.வி. ஒண்ணும் தெரியல," என்றார்.

"கொஞ்ச நேரம் பொறுங்கண்ணே."

"வெளியிலயும் அதே பனிதானேம்மா?" வண்டி ஏழாவது சுரங்கத்துக்குள் நுழையும்போதே அவர் எக்கித் திரையைச் சர்ரென்று இறக்கிவிட்டார்.

கடப்பாரைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். "மலை பாக்க வந்துட்டு மலைப் படம் பாக்கற உனக்கு எதுக்குய்யா கண்ணு?"

"யோவ், விடுய்யா கையை! குடிச்சிருக்கியா?"

"நீ சொகுசா போற இந்தப் பாதைக்கு அடியில என் மச்சினன் கிடக்கான்! அவனை மூடினது போதாதா, ஜன்னலையும் மூடணுமா?"

சீருடைக்காரி ஓடிவந்தாள். "பெரியவரே, உக்காருங்க. கார்டைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு! கார்டைக் கூப்பிடு, மேஸ்திரியைக் கூப்பிடு, கனவு கண்டானே, அவனையும் கூப்பிடு!"

அடிக்கக் கையை ஓங்கினார். பின்னாலிருந்து மனைவி இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது.

திரையின் இடுக்கில் வெயில் வந்து விழுந்திருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தார். பாய்ந்து திரையை மேலே தள்ளினார். ஒரு கல் ஓடி மறைந்தது. நானூற்றுப் பதினான்கு.

"பாத்தியா?" என்றார்.

"எங்கே பாக்க? உங்களைப் பிடிக்கத்தானே ரெண்டு கையும், ரெண்டு கண்ணும் சரியா இருந்துது."

"திரும்பி வர்றப்போ..."

"அது ராத்திரி வண்டி." அவள் முகம் சிவந்திருந்தது. "பத்தொன்பது வருஷமா உங்க கோபத்தைத்தான் பாக்கறேன். அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? அழவாவது விட்டீங்களா? நீங்க கத்தற கத்துல என் தம்பி எனக்கில்லாமலே போயிட்டான்."

தொப்பிக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

அவள் எழுந்து திரையைக் கீழ்வரை இழுத்து விட்டாள்.

"நீங்க டி.வி. பாருங்கண்ணே," என்றாள், புருஷன் பக்கம் திரும்பாமல்.