மரியதாஸ் கடைப் பலகை

ஒண்டிக்கடை என்ற மலையூரில் மரியதாஸின் டீக்கடை வாசலில் ஒரு பலகை நின்றது. எஸ்டேட்டுக்கு ஆள் தேவை, ஆடு காணவில்லை, பஸ் நேரம் மாற்றம் என்று யாரும் எதையும் ஒட்டலாம். பசையும் அவரே கொடுப்பார். எழுபத்தொன்பதாம் வருஷ மழையில் கடைச்சுவர் விழுந்தபோது, காகிதத்தின்மேல் காகிதமாகத் தடித்துப்போயிருந்த அந்தப் பலகைதான் மூன்று மாதம் கூரையைத் தாங்கியது. சுவர் இல்லாததை மழை விட்ட பிறகே கவனித்தார்கள்.

ஒட்டினவன்தான் கிழிக்க வேண்டும். பலகைக்கு அது ஒன்றே சட்டம். மரியதாஸ் எதையும் படிப்பதில்லை. படித்தால் பொறுப்பு வந்து தலையில் உட்காரும் என்று அவருக்கு எண்ணம்.

எண்பத்துமூன்று மே மாதத்தில் ஒருநாள் காலை, வெள்ளக்கடை கிராமத்துக் கண்ணாயி தேன் கூடையோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, எந்தேனுல வெல்லப்பாகு கலக்குறேன்னு இங்க ஒட்டியிருக்குதாமுங்க. நாலு நாளா ஒரு பாட்டிலும் போகல. பதினோரு மணி பஸ்ல சேலத்து ஏவாரி கந்தசாமி வர்றாரு. இந்தப் பலகையைப் படிக்காம அவரு டீ குடிக்க மாட்டாரு. அவரு வாங்கலீன்னா இந்த வருசத்துத் தேனு அத்தனையும் ஊட்டுலதான் கெடக்கும்."

"நான் எழுதலீங்கக்கா. பலகை மட்டுந்தான் என்னுது."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சாச்சும் சொல்லுங்க."

அதை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. தேடிக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார். கீழே பெயர் இல்லை. படித்து முடித்தபோது, தானே அவளைத் திட்டியது போலிருந்தது.

பெஞ்சில் பன்னை நனைத்துக்கொண்டிருந்த ஏட்டு பழனிசாமி நிமிர்ந்தார். "மாட்டிக்கிட்ட மரியதாசு. தெரியாத வரைக்கும் ஒட்டினவன் பாடு. தெரிஞ்ச பொறவும் உட்டு வெச்சீன்னா, நீயும் சேந்து ஒட்டினாப்பலதான்."

"எழுதுனது நெசமா இருந்துட்டா, ஏட்டய்யா?"

"அதை நீதான் பாத்துக்கோணும்."

மரியதாஸ் ஒரு சொட்டுத் தேனை நாக்கில் வைத்துப் பார்த்தார். இனித்தது. வெல்லமும் இனிக்கும். இன்றைக்கு இதை எடுத்தால் நாளைக்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்து, கூலி கேட்டு ஆட்கள் ஒட்டிய காகிதத்தை எடு என்பார். எடுக்காவிட்டால் இந்தக் கூடை இப்படியே மலையேறும். கடைசியில், பெயர் போடத் துணியாதவனுக்காக இவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று தோன்றியது.

வெந்நீர் ஊற்றி, காகிதத்தைக் கிழியாமல் உரித்து, பிஸ்கட் டின்னில் போட்டார். "ஒட்டினவன் வந்து பேரு போடட்டும். மறுக்கா ஒட்டிக்கலாம்."

அடியில் பழுப்பேறிய இன்னொரு காகிதம் தெரிந்தது.

"அதுல என்னங்க?" என்றாள் கண்ணாயி.

மரியதாஸ் ஓர் எழுத்தும் மாற்றாமல் படித்தார்: "இந்தக் கடைப் பாலில் பாதி தண்ணீர். இப்படிக்கு, குப்பனூர் சித்தன்."

"அதையும் எடுத்துருங்க."

"பேரு போட்டிருக்காருங்க. பொய்யுமில்ல."

ஏட்டு தன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

பஸ் வந்தது. கந்தசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகை முழுவதையும் நிதானமாகப் படித்தார்.

"பால் வேண்டாம். வரக்காப்பி போடுங்க" என்றார். பிறகு கண்ணாயியிடம் கூடையைத் திறக்கச் சொன்னார்.