ஆமெனுக்குக் காத்திருப்பவர்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. எங்கள் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டார்: "எல்லாம் மாறிப்போனாலும் விசுவாசத்துல நிலையா நிக்கிற ஒருத்தரைப் பத்தி எழுதிக் கொடுங்க. ரெண்டு பக்கம் போதும். முடிவு மட்டும் ஆறுதலா இருக்கட்டும்." ஆறுதலுக்கு நான் ஆளில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்கா வீட்டில் அப்படி ஒருவர் இருப்பது ஞாபகம் வந்து, தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'புயலிலும் அசையாத வீடு ஒன்று…' அடித்துவிட்டேன். அக்கா வீடு மூன்றாவது மாடி. கீழே லாரி போனாலே ஜன்னல் ஆடும்.

இரண்டாவது: 'தன் பெயரையே மறந்தவர் தேவனின் நாமத்தை மட்டும்…' வேண்டாம். இப்படி எழுதுகிறவன் கையில் கிடைத்தால் நானே நாலு சாத்துவேன்.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி. அத்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. சில நாள் அக்காவையே "யாரும்மா, உங்களுக்கு யார் வேணும்?" என்று மரியாதையாக விசாரிக்கிறார். சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபம் மட்டும் ஒரு சொல் பிசகுவதில்லை. பஸ் ரூட் மாதிரி அதே நிறுத்தங்கள்: நோயாளிகள், போதகர், தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள், கடைசியாக மகன். "வேலைக்குப் போன பிள்ளையைச் சுகமா வீட்டுல கொண்டாந்து சேரும், ஆண்டவரே."

மகனைப் போன வருடம் அடக்கம் செய்தோம். வேலை முடிந்து வரும் வழியில் விபத்து. முதல் பிடி மண்ணை அத்தான்தான் போட்டார். (அதுவும் கழன்றுவிட்டது.)

3

[அக்காவைப் பற்றி: பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பகல் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டிய வேலை.]

கண்டக்டர் விசில் கொடுக்காமல் அத்தான் வண்டியை எடுத்ததில்லை. அதே மாதிரி, எதிரே இருப்பவர் ஆமென் சொல்லாமல் கண்ணைத் திறக்கமாட்டார். ஆரம்பத்தில் அக்கா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல நெஞ்சிலடித்து அழுதார். மறுநாள் மறந்துவிட்டு அதே ஜெபம். அதன் பிறகு அவள் ஆமென் சொல்லத் தொடங்கினாள்.

"என் பிள்ளையை நான் தினம் சாகடிக்கணுமாடா? அவருக்கு நிக்கிறது இந்த ஜெபம் ஒண்ணுதான். அதையும் பிடுங்கவா?" என்றாள்.

உனக்கு எது நிக்குதுக்கா என்று கேட்டேன்.

"எனக்கு அந்த ஆண்டவரோட பேச்சுவார்த்தையே இல்லை. ஆமென் மட்டும் சொல்றேன்."

(ஆசிரியர் இந்த வரியை வெட்டுவார். நான் வெட்டப்போவதில்லை.)

அத்தானுடையது விசுவாசமா, பழக்கமா? எல்லாம் போன பிறகும் எஞ்சுவதுதான் விசுவாசம் என்பார் போதகர். கியர் போட்ட கையும் அப்படித்தான் எஞ்சியிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து இல்லாத கியரை மாற்றுகிறார். இது தெரியாமல் இந்தக் கதையை எப்படி முடிப்பது என்று எனக்கு…

4

இங்கே நானும் கதைக்குள் வந்தாக வேண்டும். போன ஞாயிறு, ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். ஜெபம் மகனிடம் வந்து நின்றது. அக்காவின் வாய் திறக்கவில்லை. கண்ணீர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அத்தான் கைகூப்பி, கண் மூடிக் காத்திருந்தார். வழக்கமாக நான் மனசுக்குள் சொல்கிறவன். அன்று பொறுக்கமாட்டாமல் "ஆமென்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த மேசையில் ஆண்குரலில் ஆமென் சொன்னவன் அவர் மகன் மட்டும்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வந்துட்டியாப்பா," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "பாத்தியா, கேட்டுட்டார். நீதான் தினம் சந்தேகப்பட்டே. பிள்ளைக்குச் சாப்பாடு போடு."

அக்கா எனக்குப் பரிமாறினாள். மகனாக உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். இன்றைக்கும் அது செரிக்கவில்லை.

5

பத்திரிகைக்கான முடிவு: அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்த அக்கா முழங்காலிட்டாள், நெடுநாள் கழித்து ஆண்டவரோடு… பொய்.

நடந்தது இது. வாசலில் நான் செருப்பு மாட்டும்போது, "இனிமே தினம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுடா," என்றாள். நான் படியிறங்குவதற்குள் மறுபடி கூப்பிட்டாள்.

"வராதே. நீ வந்தா நானும் நம்பிடுவேன்."

'மறுநாள் போனேன்.' அடித்துவிட்டேன். 'மறுநாள் போகவில்லை.' அதையும் அடித்துவிட்டேன். இரண்டும் அவளுக்குச் செய்யும் கொடுமைதான்.

இப்போது அங்கே சாப்பாட்டு நேரம். ஜெபம் மகளைத் தாண்டியிருக்கும். அத்தான் கண் மூடிக் காத்திருக்கிறார். அக்காவால் இன்று ஆமென் சொல்ல முடியவில்லை. நான் இந்தத் தாளைக் கட்டிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசையில் மிச்சம் இருப்பது இதைப் படிக்கிற நீங்கள் மட்டும்தான். உங்களுக்கு விசுவாசம் உண்டா இல்லையா என்று அவர் கேட்கப்போவதில்லை.

சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.