மான்சுவின் வாய்விட்ட தியானம்

மான்சுவின் கை கோட்டுப் பைக்குள் போய்ப்போய் வந்தது. உள்ளே கைப்பேசி. கல்யாணம் பேச இரு வீட்டாரும் முதன்முதலாகக் கூடிய விருந்து. எதிரே மாப்பிள்ளையின் அப்பா பியோன், தன் பித்தப்பைக் கல் எடுத்த கதையில் இன்னும் ஆஸ்பத்திரி வாசலையே தாண்டவில்லை.

"அப்பா, அவர் மரியாதை விஷயத்துல ரொம்பக் கறார். போனை நோண்டினீங்கன்னா என் கல்யாணம் அவ்வளவுதான்," என்று மகள் சோயுல் காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

அந்தச் சனியனை விடத்தான் மான்சு மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலில் போய்த் தங்கிவிட்டு வந்தார். கை போனுக்குப் போனால் மூச்சை இழுத்து, மனசில் இருப்பதற்குப் பெயர் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு பிக்குணி கற்றுக்கொடுத்தார். மனசுக்குள்தான் சொல்லச் சொன்னார். மான்சுவின் கையோ வாய்விட்டுச் சொன்னால்தான் அடங்கியது. சுரங்க ரயிலில் அவர் "கவலை!" என்றதும் பக்கத்து ஆள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பியோன் கதையில் மயக்க ஊசிக்கு வந்தார். கூடியிருந்தவர்களில் மூத்தவர் அவர்தான். அவர் கரண்டியைத் தொடாமல் மற்றவர்கள் எப்படித் தொடுவது? மேசை நிறையப் பதார்த்தங்கள் ஆறிக்கொண்டிருந்தன. மான்சுவின் விரல் போனைத் தொட்டது. ஐயோ! மூச்சை இழுத்தார்.

"சலிப்பு," என்றார், கணீரென்று. "தாங்க முடியாத சலிப்பு."

சோயுலின் முகத்தில் ஈயாடவில்லை. பாவி, மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று மான்சுவுக்கு அழுகையே வந்தது. திக்கித் திணறி, கோயில், பிக்குணி, போன் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

பியோன் மேசைமேல் சாய்ந்து மான்சுவை உற்றுப் பார்த்தார்.

"மனசுல இருக்கறதையே சொல்லணுமா?"

"ஆமாங்க ஐயா."

பியோன் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "பயம்," என்றார். "பேச்சை நிறுத்தினா எங்க குடும்பத்தை எடை போட ஆரம்பிச்சிடுவீங்களோன்னு பயம். அதான் வாய் ஓயல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியோனின் மனைவியும் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

"பசி," என்றார். "அடப் பாவி மனுஷா, கரண்டியை எடுத்துத் தொலையேன்! சம்பந்தி, நீங்க மீனை எடுத்துப் போட்டுக்கோங்க."