இரண்டு விரற்கடை

தண்ணீர் கோப்பைக்குள் விழவில்லை. கோப்பையைப் பிடித்திருந்த கணவரின் மடியில் விழுந்தது.

“நாலு மாசமா குளிப்பாட்டுற. சோப்பும் போட்டு விட்டுடேன்,” என்றார்.

“பேசாம புடிங்க. கை ஆடுது.”

“கை எங்கடி ஆடுது? உன் தலைதான் ஆடுது.”

ஆடத்தான் வேண்டும். விழித்திரை கழன்று இடது கண் போனபிறகு அவளுக்கு உலகம் சுவரில் ஒட்டிய படமாகிவிட்டது. கண்கள் இரண்டும் ஆளுக்கொரு படம் பிடிக்கும். இரண்டும் சற்றே ஒத்துப்போகாது. அந்தச் சச்சரவை வைத்துத்தான் எது கிட்டே, எது தள்ளி என்று மூளை தீர்ப்புச் சொல்லும். ஒரே கண் என்றால் சச்சரவுக்கு ஆள் ஏது? ஆகவே தலையை இடமும் வலமும் நகர்த்தி, இருக்கிற கண்ணுக்கே இரண்டு படம் காட்டினாள். கிட்டே உள்ளது சட்டென்று நகரும். தள்ளி உள்ளது சோம்பேறியாக நகரும். மருத்துவர் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். பழகுவதற்கு, கணவரின் கால்சட்டைகள் அத்தனையும் தேவைப்பட்டன.

பதினொரு வருடம் கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவள், இப்போது பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். அந்த மேஜையில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வண்டியைத் திரும்பக் கேட்டு மூன்று மனு கொடுத்தாள். மூன்றாவதோடு மருத்துவரின் சான்றிதழும் வந்ததால், மேலாளர் வேறு வழியில்லாமல் ஒரு தேர்வு வைத்தார்.

முதலில் உரை. கழிப்பறைக்குப் புதுக் குழாய் மாட்டினாலும் உரையாற்றுகிறவர் அவர். “பாதுகாப்பு நம்ம நிறுவனத்தோட உயிர்மூச்சு…” என்று அவர் மூச்சு வாங்கிய இடத்தில், வண்டியில் உட்கார்ந்திருந்தவளின் தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, இல்லங்கிறீங்களா?”

“ஐயோ, இல்ல சார். நீங்க எவ்ளோ தூரத்துல நிக்கிறீங்கன்னு பாத்தேன்.”

மேலாளர் உரையை முடித்துக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

மூன்றாம் அடுக்கில் மரத்தட்டு. அதன்மேல் கண்ணாடிக் குடுவைகள். வண்டியின் இரும்புக் கரங்கள் தட்டின் அடியில் குறைவாக நுழைந்தால் தட்டு கவிழும்; கூடுதலாக நுழைந்தால் பின்சுவரை இடிக்கும். நடுவே மிச்சம் இரண்டு விரற்கடை.

பாதி நுழைத்தவள் நிறுத்தினாள். கரங்களை வெளியே எடுத்தாள்.

“விட்டுடுக்கா,” என்றது வேடிக்கை பார்த்த தொழிலாளர் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“வாய மூடு. தலை ஆட்டுறத எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

இடம், வலம். இடம், வலம். கரங்கள் நுழைந்தன. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. குடுவைகள் முணுமுணுக்காமல் தரைக்கு வந்து சேர்ந்தன.

“நல்லாதான் பண்றீங்க,” என்றார் மேலாளர். கையெழுத்துப் போடாத அனுமதிப் படிவம் அவர் கக்கத்திலும், பேனா கையிலும் இருந்தன. “இருந்தாலும் ஒத்தக் கண்ண வெச்சு எப்படி… யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிக்க வேணாம் சார். ஒரு கண்ண மூடி, ரெண்டு கையையும் நீட்டி, பேனாவுக்கு மூடி போட்டுப் பாருங்க.”

மேலாளர் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணை மூடினார். மூடி பேனாவைத் தாண்டிப் போயிற்று. மறுபடி. மறுபடியும் தாண்டிற்று. மூன்றாம் தடவை கட்டைவிரலில் மை. இப்போது யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட.

“தலைய ஆட்டுங்க சார்.”

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. முப்பது பேர் பார்க்க, மேலாளரின் தலை மெல்ல இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது.

“இன்னும் கொஞ்சம் கிட்ட, சார்,” என்றாள்.

மை படிந்த விரல்களில், மூடி பேனாவை நெருங்கிக்கொண்டிருந்தது.