வெயில் சொட்டிய கொல்லை

வெயிலைக் கறந்து தண்ணீர் எடுத்தவன் புதுச்சேரியில் நான் ஒருவன்தான். போன மே மாதம், முல்லா வீதியில் காக்கைகள்கூடச் செருப்புக் கேட்ட நாட்களில், என் கொல்லையில் வெயில் ஏற ஏறச் செடிகளுக்குத் தண்ணீர் கூடுதலாகச் சொட்டியது. கேட்டவர்கள் எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஆட்டாத ஒரே தலை என் மனைவி சலீமாவுடையது.

எல்லாம் ஒரு வாளியில் ஆரம்பித்தது. மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் இருபத்து மூன்று செடிகள் வைத்தேன். வைத்தது நான், தண்ணீர் சுமந்தது அவள். நான்கு வருஷம் சுமந்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் ஒருநாள் வாளியை ‘டொங்’கென்று படியில் வைத்தாள்.

“எனக்கு முட்டி போச்சுங்க. நெடுமாறன் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டுடலாம்.”

“அவசரப்படாத சலீமா. சொட்டுநீர் போடறேன். இனிமே நீ ஒரு சொம்புகூட தூக்க வேணாம்.”

“யாரு, நீங்களா? பல்பு மாத்தப் போயி ஃபேனைக் கழட்டினவரு!”

ஆனாலும் இரக்கக்காரி. சென்னையில் மகள் அஸ்ஃபியா வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வருவாள். அதுவரை நான் வாளியைத் தொடக்கூடாது. செடியெல்லாம் பிழைத்திருந்து, தண்ணீர் தானாகப் பாய்ந்தால் கொல்லை தப்பும். இல்லையென்றால் சிமெண்ட்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு வேலையில் இறங்கினேன். இருபது மீட்டர் கறுப்பு டியூப். யாராவது கேட்டால் இருநூறு என்பேன். செடிக்கு ஒரு டிரிப்பர். பின்சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் ஒட்டி ஒட்டி இறங்கின. ஒன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருவது. இன்னொன்று எப்போது முளைத்தது என்றே தெரியவில்லை. வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு இடதுபக்கக் குழாயை அறுத்தேன். தண்ணீர் வரவில்லை. தொட்டி காலி போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு வால்வைப் பூட்டி டியூபைச் செருகினேன்.

மறுநாள் காலை தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. டிரிப்பர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினேன். கன்னம் வீங்கியதுதான் மிச்சம். வால்வை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால், புதினாவில் ‘டொப்’. மருதாணியில் ‘டொப்’. கொஞ்ச நேரத்தில் எல்லாமே சொட்டின. சாயங்காலம் நின்றுவிட்டன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வெயில் உச்சிக்கு வந்தால் தண்ணீர், சாய்ந்தால் இல்லை. தொட்டியிலோ நான் குளித்த அளவுக்கு மேல் ஒரு விரல்கூடக் குறையவில்லை. சரி, சூரியனே ஊற்றுகிறான் என்று முடிவு கட்டினேன். உடனே ஞாயிற்றுக்கிழமை வந்து குழப்பியது. மண்டையைப் பிளக்கிற வெயில், ஒரு சொட்டு இல்லை. சூரியனுக்கும் வார விடுமுறையா? செவ்வாய்க்கிழமை திடீர் மழை. அன்றும் இல்லை. புதன்கிழமை பழையபடி ‘டொப்’. இதையெல்லாம் போனில் சொன்னதும் சலீமா, “வெயில்ல தொப்பி போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வந்தாள். மேஸ்திரியும் சிமெண்ட் மூட்டையோடு வந்துவிட்டார். சலீமா ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் வாடவில்லை. எலுமிச்சை பூத்தே இருந்தது.

“வாளியில ஊத்தினீங்களா?”

“வல்லாஹி, தொடல. வெயில்தான் ஊத்துது. பாரு, சொட்டுது!”

“அப்ப ஞாயித்துக்கிழமை ஏன் நின்னுச்சு?”

டியூபின் நுனியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

“ஏன் நிக்குது, ஏன் வருதுன்னு உங்களுக்கே தெரியல. நாளைக்கு ஒரேயடியா நின்னா வாளி யாரு கைக்கு வரும்? எங்கைக்குத்தான். மேஸ்திரி, கலவையைப் போடுங்க.”

வால்வை அவளே திருகி மூடினாள். டியூப் அடங்கியது. மேஸ்திரி மணலைக் கொட்டி, சிமெண்டைப் பிரித்து, நடுவில் தண்ணீர் விட்டார். மண்வெட்டி ‘சரக் சரக்’கென்று என் நெஞ்சையே கிளறியது. மருதாணிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வேறென்ன செய்ய?

அரைமணி நேரம் ஆகியிருக்கும். மாடியிலிருந்து ஓர் அலறல்.

“பாய்! பாய்! ஏசி மூஞ்சில ஊத்துது பாய்!”

மாடியில் குடியிருக்கும் விஜயராகவன், நனைந்த தலையணையோடு இறங்கி ஓடிவந்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அவனுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவான்.

சலீமா தலையணையைப் பார்த்தாள். வால்வைப் பார்த்தாள். குழாயோடு சேர்ந்து அவள் கண்ணும் சுவரில் ஏறியது. தொட்டிவரை ஏறவில்லை. விஜயராகவனின் ஜன்னல் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

“ஏசி எப்ப மாட்டின தம்பி?”

“போன மாசம்மா. தண்ணி இறங்கறதுக்குக் குழாய்கூட விட்டாங்களே.”

“ஞாயித்துக்கிழமை போட்டியா?”

“லீவு நாள்ல ஏதும்மா? கனகசெட்டிக்குளத்துல அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“செவ்வாக்கிழமை?”

“மழையாச்சே. ஃபேனே போதும்னு படுத்துட்டேன்.”

அவள் போய் வால்வைத் திறந்தாள். குழாய்க்குள் ‘களக்’கென்றது. புதினா முதலில் சொட்டியது, பிறகு மருதாணி. நான் மட்டும் இன்னும் விளங்காமல் சுவரையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேஸ்திரி, கிளறாதீங்க. கலந்ததைப் படியோரம் பூசிட்டுக் கெளம்புங்க.” பிறகு என்னிடம், “லீவு நாளுக்கும் பனிக்காலத்துக்கும் நீங்க வாளி தூக்குங்க. இந்த வால்வை மட்டும் யாரும் தொடக்கூடாது” என்றாள்.

நெடுமாறன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“அப்ப பாய் சொன்னது நெசமாம்மா?”

சலீமா என்னைப் பார்க்கவே இல்லை. எலுமிச்சை இலையிலிருந்த தூசியைத் துடைத்தாள்.

“நெசந்தான் மேஸ்திரி. வெயில் ஏறினா இந்தத் தம்பி ஏசி போடும், ஏசி போட்டா செடிக்குத் தண்ணி. பன்னண்டு நாளா வெயில்தான் ஊத்தியிருக்கு.”