சிசிலியின் பூவில் மூன்று ஓட்டைகள்

1

இந்தப் பூவை எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஆனால் இது நான் வரைந்தது இல்லை.

சிசிலி இப்படி நினைத்தாள். (நினைத்தாள் என்பதே என் கைச்சரக்கு. எழுபத்தாறாம் வருஷம், குமுளியிலிருந்து கம்பம் இறங்கும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையிலிருந்து அவள் சொன்ன கதை இது. 'கலையும் கம்ப்யூட்டரும்' என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் எனக்கே கொட்டாவி.)

2

சிசிலி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மாதா கோவில் பீடத்துணிக்குப் பூத்தையல் போடுவாள். கட்டத்தாளுக்கு எங்கே போவாள்? கணக்கப்பிள்ளை கழித்துப்போட்ட செக்ரோலில், அதாவது ஆள்வருகைத் தாளில், பூவை வரைந்துகொள்வாள். தம்பி சிலுவைராஜுக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் அட்டையில் துளையிடும் தற்காலிக வேலை. அவன் அந்தத் தாளைக் கட்டம் கட்டமாக அட்டையில் ஏற்றினான். வந்த நாளுக்குப் போட்ட கோடு, வராத நாளுக்குப் போட்ட சுழி, அதையும் சேர்த்து.*

எந்திரம் அச்சடித்த பூவில் ஓர் இதழ் கூடுதல். அதில் மூன்று ஓட்டை. மேலதிகாரி சொக்கிப்போனார், இது எந்திரத்தின் சொந்தக் கற்பனை என்றார்.

*தோட்டத்துப் பிள்ளைக்குச் செக்ரோல் தெரியாதா என்பீர்கள். ஆறு வயதில் போர்டிங்கில் விட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்துத் தப்பிக்கிறேன்.

3

கற்பனை என்பது உண்மையில்

(இங்கே இரண்டு பக்கம் தத்துவம் இருந்தது. அடித்துவிட்டேன். நன்றி வேண்டாம்.)

"கண்காட்சிக்கு இத அப்படியே துணியில தச்சுக் குடுக்கா. வேலைய நிரந்தரமாக்குதேன்னு சொல்லிருக்காரு." சிலுவைராஜ் அச்சடித்த தாளை அக்காவிடம் நீட்டினான்.

சிசிலி ஓட்டைகளின் மேல் விரல் வைத்தாள்.

"இது கற்பன இல்லடா. என் பேருக்கு நேரே போட்ட சுழி. நான் வேலைக்குப் போகாத மூணு நாளு. பிள்ளைய அடக்கம் பண்ணின வாரம்."

சிலுவைராஜ் தாளைப் பார்த்தான். பிறகு, "அங்க யாருக்குக்கா தெரியப்போகுது?" என்றான்.

4

நான் எழுதிய முதல் முடிவில் அவள் தைத்தாள், அவனுக்கு வேலை நிலைத்தது, நான் அழுதேன். இரண்டாவதில் தாளைக் கிழித்தாள். ஆனால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் தாளை எந்தத் தோட்டத்துக்காரி கிழிப்பாள்? அவனுக்குச் சோறு போட்டாள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். தைத்தாளா என்று பஸ்ஸில் கேட்டதற்குச் சிரித்தாள். மிச்சத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பம் வந்துவிட்டது. நான் நோட்டைத் திறந்து பிள்ளையின் பெயரைக் கேட்டேன். கதைக்கு அந்த இடத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னேன்.

சிசிலி மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்மா."