விருமாண்டி வீட்டுப் பூனைக்கதவு

அன்று காலை திருநகரில், விருமாண்டி வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் விருமாண்டி, அவர் மனைவி பாண்டியம்மாள், பரிசம் போட உசிலம்பட்டியிலிருந்து வந்த சோணை, சோணையின் மனைவி ஒச்சாயி, அவர்கள் மகனும் மாப்பிள்ளையுமான அருள்பாண்டி, தட்டு ஏந்தி வந்த பங்காளி வீட்டுப் பெண்கள் ஒன்பது பேர், எதிர்வீட்டுச் சந்தானம். பெண் திவ்யா வழக்கப்படி வீட்டுக்குள் இருந்தாள். விருமாண்டியின் சொந்தக்காரர்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. கருப்பட்டியும் இருந்தது. அது பூனை.

பூனைக்கதவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். திவ்யா கால்நடை மருத்துவர். திருநகரிலேயே சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறாள். விருமாண்டியின் வகையறாவில் பெயருக்குப் பின்னால் பட்டமும் வாசலில் போர்டும் வைத்த முதல் பெண் அவள்தான். மாட்டு டாக்டர் என்று சிலர் சொல்வார்கள். விருமாண்டி அதைத் திருத்துவதில்லை. மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது குறைச்சலான வேலை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு, கிளினிக் வாசலில் வைத்துவிட்டுப் போன பூனைக்குட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதுதான் கருப்பட்டி. விருமாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் மாதம் அது அவருடைய சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்தது. அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கருப்பட்டி போய்வர அடுப்படிப் பின்கதவைத் திறந்து வைத்ததில் தெருப்பூனைகளுக்கும் வழி கிடைத்தது. ஒரு கடுவன் பூனை வந்து பால் சட்டியை உருட்டியது. அரிசி மூட்டையில் மூத்திரம் அடித்தது. பாண்டியம்மாள் விளக்குமாறும் கையுமாக அலைந்தாள். அப்போதுதான் திவ்யா அந்தக் கதவை வரவழைத்தாள். அரிசிமணி அளவு ஒரு சிப்பைக் கருப்பட்டியின் தோளுக்கு நடுவில், தோலுக்கடியில், தன் கையாலேயே ஊசி போட்டு ஏற்றினாள். பின்கதவின் அடியில் ஒரு சதுரம் வெட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் தடுப்போடு பூனைக்கதவைப் பொருத்தினார்கள். கருப்பட்டி தலையைக் கொண்டுபோனால் அது சிப்பைப் படித்து, டிக்கென்று திறக்கும். வேறு எந்தப் பூனை முட்டினாலும் திறக்காது. செல்போனிலிருந்து பூட்டிவிட்டால் கருப்பட்டிக்கும் வழி கிடையாது. அது எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு வந்தது என்பதெல்லாம் போனில் வந்து நிற்கும்.

தேக்குக் கதவை வெட்டியதில் விருமாண்டிக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்தக் கடுவன் மூன்று நாள் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியதை நேரில் பார்த்தபின் அவர் பேச்சு மாறிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அடுப்படி வரை கூட்டிப்போய்க் காட்டுவார்.

"எங்க வீட்டுல பூனைகூட தான் யாருன்னு காட்டித்தான் உள்ள வரணும்" என்பார்.

"அப்ப எனக்கு எப்ப சார் ஊசி போடப் போறீங்க?" என்று சந்தானம் கேட்டார். சந்தானம் சௌராஷ்டிரக்காரர், நூல் வியாபாரம். நல்ல மனுஷர். நாக்கு மட்டும் ஒரு இடத்தில் நிற்காது.

சோணை வீட்டுச் சம்பந்தம் பேசி முடித்து, ஆடி போகட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் சோணை போன் செய்தார். இருவரும் மச்சான், மாப்ள என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மச்சான், எல்லாம் சரி. ஒரே ஒரு விசயம். ஒங்க வீட்டுல பூனை வளக்குறீகளாம்ல?"

"ஆமா மாப்ள. திவ்யா வளக்குது."

"ஒச்சாயி கொஞ்சம் சகுனம் பாப்பா. போன வருசம் சேடபட்டிப் பக்கம் பொண்ணு கேட்டுப் போறப்ப பூனை குறுக்க போயிருச்சு. அப்படியே வண்டியத் திருப்பச் சொல்லிட்டா. முன்னாடியே ஒங்க காதுல போட்டுட்டேன், அம்புட்டுத்தான்."

"மாப்ள, நீங்க தட்டோட எங்க தெருவுல கால் வைக்கிற நேரம் எங்க வீட்டுப் பூனை வெளியில வராது. இது என் வாக்கு."

வாக்கு என்ற சொல்லை விருமாண்டி அடிக்கடி எடுக்க மாட்டார். எடுத்தபின் அதைக் கீழே போட்டதில்லை.

பரிசத்தன்று காலை ஏழரைக்கு, தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே திவ்யா போனை எடுத்தாள். "அப்பா, கருப்பட்டி உள்ளதான் இருக்கு. ரெண்டு பக்கமும் பூட்டிட்டேன்" என்றாள். "சரிம்மா" என்று அவர் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒன்பதரைக்குத் தெருமுக்கில் வேன் வந்து நின்றது. பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண்கள் இறங்கி, தேங்காய் பழம், சேலை, சந்தனம், மல்லிகைப்பூத் தட்டுகளோடு வரிசை கட்டினார்கள். முன்னால் சோணையும் ஒச்சாயியும் வந்தார்கள். விருமாண்டி வேட்டி மடிப்புக் கலையாமல் வாசலில் நின்றார். பக்கத்தில் பாண்டியம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். இன்னும் மூன்று வீடு கடந்தால் போதும்.

அப்போது சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு பூனை கிளம்பி, வரிசைக்கு முன்னால் தெருவை ஒரே ஓட்டமாகக் குறுக்கே கடந்தது. விருமாண்டி வீட்டுச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, பக்கச் சந்து வழியாகப் பின்பக்கம் போய் மறைந்தது. கருப்பட்டி நிறம்தான். கருப்பட்டி அளவுதான்.

"அட, நம்ம டாக்டரம்மா பூனைல்ல!" என்றார் சந்தானம், எதிர்வாசலிலிருந்து.

வரிசை நின்றது. ஒச்சாயி கையைத் தூக்கித்தான் நிறுத்தினாள்.

"அம்மா, அது பாட்டுக்குப் போகுது. நம்ம வாரது அதுக்குத் தெரியுமா?" என்றான் அருள்பாண்டி.

"நீ சும்மா இருடா. இப்பவே மாமனார் வீட்டுக்குப் பேச வந்துட்டான்" என்ற ஒச்சாயி, விருமாண்டியை நேராகப் பார்த்தாள். "ஏண்ணே, வாக்குக் குடுத்தீகளாம்ல?"

பாண்டியம்மாள் பதறிப்போனாள். "அது நம்மது இல்ல மதினி. நம்மது உள்ள கெடக்கு."

"உள்ளதான் கெடக்கும் மதினி. இப்பத்தான செவரேறிக் குதிச்சுப் போச்சு? இந்நேரம் ஓட்டைக்குள்ள நொழஞ்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கும்."

விருமாண்டி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "ஏழரையிலருந்து பூட்டிக் கெடக்கு. போகல, வரல. இதுல இருக்கு பாருங்க."

சோணை அதை வாங்கவில்லை. "மச்சான், தப்பா நெனைக்காதீக. போனு ஒங்க போனுதான."

அந்தச் சொல் விருமாண்டிக்கு எங்கே தைத்தது என்று பாண்டியம்மாளுக்குத் தெரியும். அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் ஓடியதை அவரும் பார்த்தார். தன் நாற்காலியில் தினமும் படுக்கிற பூனை எது, தெருவில் ஓடுகிற பூனை எது என்று அந்த ஒரு நொடியில் அவரால் சொல்ல முடியவில்லை.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பட்டுச்சேலை தெரிந்தது. திவ்யா நின்றுகொண்டிருந்தாள். 'நிஜமா பூட்டுனியாம்மா?' என்று ஒரு பார்வையில் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். சப்ஸ்டேஷனில் இருக்கிறவன் கரண்டை நிறுத்திவிட்டு, 'லைன் கிளியர்' என்று போனில் ஒரு சொல் சொல்வான். அந்தச் சொல்லை நம்பி இங்கே ஒருவன் கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கையால் பிடிப்பான். பிடித்தபின் 'நிஜமா நிறுத்துனியா' என்று கேட்பதில் அர்த்தமில்லை. மகள் பூட்டிவிட்டேன் என்றாள். அவர் ஏறிவிட்டார்.

"மாப்ள, ஓடுனது எங்க வீட்டுப் பூனையா இருந்தா தட்ட எடுத்துட்டுத் திரும்பிப் போங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வாங்க, பின்னாடி போயி பாத்துருவோம்."

"ஏங்க!" என்றாள் பாண்டியம்மாள். ஆரத்தித் தண்ணீர் தளும்பியது.

சம்பந்தி வீட்டாரைத் தட்டு மாற்றும் முன்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போகிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. விருமாண்டி கூட்டிப்போனார். சோணை, ஒச்சாயி, அருள்பாண்டி மூவரும் பக்கச் சந்து வழியாக அவர் பின்னால் நடந்தார்கள். யாரும் கூப்பிடாமலே சந்தானமும் வந்தார்.

"சீக்கிரம் பாருங்க மதினி, தேங்காத் தட்டு கையப் பிடுங்குது" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

பின்பக்கத்தில் துவைகல்லுக்கு அந்தப்புறம் அடுப்படிக் கதவு. அதன் அடியில், பிளாஸ்டிக் தடுப்புக்கு வெளியே ஒரு பூனை நின்று தலையால் முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இன்னொரு பூனை உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே நிறம். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடைப் பிளாஸ்டிக்.

அதைப் பார்க்க எல்லாரும் குனிந்தார்கள்.

"ரெண்டு இருக்கு!" என்றார் சோணை.

"இருக்கட்டும்" என்றாள் ஒச்சாயி. அவள் லேசில் விடுகிறவள் இல்லை. உசிலம்பட்டிச் சந்தையில் அவளிடம் மாடு விற்றவர்களுக்கு அது தெரியும். "எது ஒங்க பூனைண்ணே? வெளிய நிக்கிறது ஒங்களுதா இருந்து, உள்ள இருக்கிறது வேறயா இருந்தா?"

கேள்வி சரியான கேள்விதான். விருமாண்டி கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"திவ்யா, பூட்டத் தெற."

"தெறந்தா கருப்பட்டி வெளிய வந்துரும்ப்பா." கதவுக்குப் பின்னால், தரையோடு தரையாகக் குரல் வந்தது. அவளும் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"தெறம்மா. கதவே சொல்லட்டும்."

உள்ளே திவ்யா போனில் பூட்டை எடுத்தாள். வெளியே நின்ற பூனை மறுபடி முட்டியது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். கதவு அசையவில்லை. உள்ளே இருந்த பூனை சோம்பல் முறித்து எழுந்து, நிதானமாக வந்து தலையை நீட்டியது.

டிக்.

தடுப்பு மேலே எழும்பியது. கருப்பட்டியின் தலையும் முன்கால் இரண்டும் வெளியே வந்தன. ஒரு சீறல்தான். தெருப்பூனை சுவரேறிக் கண் காணாத இடத்துக்குப் போய்விட்டது.

"பிடி, பிடி, அதையும் குறுக்க விட்டுராதீங்க!" என்று கத்தினார் சந்தானம். அதற்குள் உள்ளேயிருந்து முழங்கை வரை வளையல் போட்ட கை ஒன்று வந்து, கருப்பட்டியின் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. மணப்பெண்ணின் முகத்தைச் சம்பந்தி வீட்டார் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார்கள்.

"ஆத்தாடி! ஆளப் பாத்துல்ல தெறக்குது!" என்றாள் ஒச்சாயி.

"நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்குனா எனக்கும் சிப்பு போடணும்மா. ராத்திரி லேட்டா வந்தா வெளிய நிறுத்திரும்" என்றான் அருள்பாண்டி. உள்ளே யாரோ சிரித்தது கேட்டது.

விருமாண்டி சிரிக்கவில்லை. நிமிர்ந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மாப்ள, குறுக்க போனது தெருப்பூனை. தெருவுக்கு நான் வாக்குக் குடுக்கல. என் வீட்டுக்குத்தான் குடுத்தேன். திரும்பிப் போறதுன்னா இப்பயும் போகலாம். ஆனா விருமாண்டி சொன்ன சொல்லு நிக்கலன்னு மட்டும் சொல்லக் கூடாது."

சோணை மனைவியைப் பார்த்தார். ஒச்சாயி அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரண்ணே திரும்பிப் போறது?" என்றாள் கடைசியில். "பொண்ணு வீட்டுக்காரவுக சொன்னது பொய்யாப் போனா அது பெரிய தடங்கல். தெருப்பூனை போனதுக்கு ஒரு வாய்த் தண்ணி போதும். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? வாங்க, முக்குப் பிள்ளையார் கோயில்ல செத்த நேரம் ஒக்காந்துட்டு மறுபடி வருவோம்."

அப்படியே செய்தார்கள். தெருமுக்குப் பிள்ளையார் கோயில்வரை வரிசை திரும்பிப் போனது. சந்தானம் வீட்டுக் குடத்திலிருந்து எல்லாருக்கும் தண்ணீர் போனது. நாக்கு செய்த வேலைக்கு அவரே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்து மணிக்கு மறுபடி வந்தார்கள். பாண்டியம்மாள் ஆரத்தி எடுத்தாள். பத்தேகாலுக்குத் தட்டு மாற்றியாகிவிட்டது. திவ்யா வந்து விழுந்து கும்பிட்டபோது ஒச்சாயி அவள் கையைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை விடாமலே கேட்டாள்:

"எங்க அடுப்படிக் கதவு வேப்பமரம், ஆத்தா. வெட்ட வருமா?"

"வரும் அத்தை."

"அப்ப பூனையக் கொண்டாந்துரு. எலித் தொல்ல தாங்கல."

விருமாண்டி பந்தலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் வெகுநேரம் துடைத்தார். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் அவருக்கு லைன் கிளியர் கொடுத்திருக்கிறார்கள். மகளைப் போல இவ்வளவு சுத்தமாகக் கொடுத்தவர் எவரும் இல்லை.

விருமாண்டி சோணையைப் பின்பக்கம் கூட்டிப்போய் அவர் காலில் விழுந்தார், பக்கத்துத் தெரு மாடியிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று காளவாசல் பக்கம் ஒரு பேச்சு நடக்கிறது. விழவில்லை. குனிந்தார். கூட வந்த நாலு பேரும் குனிந்தார்கள். பூனைக்கதவு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.